எச்சிலும் காதலும்

தம்ளரில் வாய் வைத்துக் குடிக்காதே என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். ருசி பார்த்த கரண்டியை மறுபடி குழம்பில் விடக் கூடாது. சாப்பிட்ட கையால் ஊறுகாய் ஜாடியைத் தொடக் கூடாது. இதற்கெல்லாம் எங்கள் வீட்டில் ஒரே ஒரு விலக்கு இருந்தது. தாத்தா சாப்பிட்டு எழுந்த இலையிலேயே பாட்டி உட்கார்ந்து சாப்பிடுவாள். அங்கே எச்சில் குற்றமில்லை, பதிபக்தி. பாட்டியின் இலையில் தாத்தா கை வைத்து யாரும் பார்த்ததில்லை.

தம்பதிகள் வாயால் ஒருவருக்கொருவர் தரும் இன்பத்தைப் பற்றி எழுத நெடுநாளாக ஆசை. தமிழில் இதற்கு இருப்பவை இரண்டே இடங்கள். ஒன்று, கெட்ட வார்த்தை. இன்னொன்று, பத்திரிகையில் டாக்டர் பதில் சொல்லும் கடைசிப் பக்கம். கல்யாணமானவர்கள் நிம்மதியாக உட்கார்ந்து படிக்கிற மாதிரி எதுவும் என் கண்ணில் பட்டதில்லை. இதன் சரித்திரத்தைத் தேடிப் படித்தபோது ஒன்று திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டது. சண்டை எப்போதும் செயலைப் பற்றியதாகவே பேசப்படுகிறது. உள்ளே போய்ப் பார்த்தால், யார் யாருக்குச் செய்வது என்பதுதான் சண்டை. எங்கள் வீட்டு இலையில் இருந்த அதே ஒருவழிப் பாதை.

காமசூத்திரத்திலிருந்து தொடங்குகிறேன். வாத்ஸ்யாயனர் அதைத் தொகுத்தது ஏறத்தாழ 1,700 ஆண்டுகளுக்கு முன்பு. இரண்டாம் பகுதியின் ஒன்பதாம் அத்தியாயம் முழுக்க வாய்வழிப் புணர்ச்சி பற்றியது. ஔபரிஷ்டகம் என்று பெயர். அதில் பெரும்பகுதி, மூன்றாம் பாலினத்தவர் ஆண்களுக்குச் செய்வதை எட்டு நிலைகளாகப் பிரித்து விவரிக்கிறது. சில ஆண்கள் பெண்களுக்குச் செய்வதையும் சொல்கிறது. ஆணும் பெண்ணும் தலைமாறிப் படுத்து ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் செய்வதற்கும் ஒரு தனிப்பெயர் தருகிறது: காகிலம். இன்றைக்கு 69 என்று எண்ணால் சொல்லிச் சிரிக்கிறார்களே, அதுதான். இரண்டு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அந்த அத்தியாயத்தில் எனக்குப் பிடித்தது வர்ணனை அல்ல, விவாதம். இது சாஸ்திரத்துக்கு விரோதம், நாகரிகமில்லாதது என்று முந்தைய ஆசிரியர்கள் சொன்னதை வாத்ஸ்யாயனர் மறைக்காமல் எடுத்து வைக்கிறார். எந்தெந்த ஊர்க்காரர்கள் செய்கிறார்கள், எந்த ஊர்க்காரர்கள் விலக்குகிறார்கள் என்று பட்டியல் போடுகிறார். சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது என்பதற்காக எல்லாரும் செய்தாக வேண்டியதில்லை என்கிறார். வைத்திய நூல் நாய்க்கறியின் குணத்தைச் சொல்கிறது, அதற்காக அறிவுள்ளவர்கள் நாய்க்கறி தின்கிறார்களா என்று கேட்கிறார். கடைசியில், இது ரகசியமான விஷயம், மனித மனமோ நிலையில்லாதது, யார் எப்போது எதை ஏன் செய்வார்கள் என்று யாரால் அறிய முடியும் என்று முடிக்கிறார். தடை விதிக்கவும் இல்லை, பரிந்துரைக்கவும் இல்லை. ஊரையும் காலத்தையும் உன் மனசையும் பார்த்து நீயே முடிவு செய் என்று விட்டுவிடுகிறார். இவ்வளவு நிதானமாக இதைப் பேசிய இன்னொரு பழைய நூலை நான் படித்ததில்லை.

ஆனாலும் அவர் பேசுவது ஆணிடம்தான். கற்ற பிராமணரும் மந்திரியும் ராஜாவின் நம்பிக்கைக்கு உரியவரும் இதைச் செய்விக்க வேண்டாம் என்கிறார். அவர் கவலைப்படுவது ஆணின் மதிப்பைப் பற்றி. மனைவிக்கு என்ன வேண்டும் என்ற கேள்வி அந்த அத்தியாயத்தில் எழவே இல்லை.

ரோமிலும் இதே கதைதான், இன்னும் கடுமையாக. அங்கே வாய் என்பது சபையில் பேசுகிற வாய், சந்திக்கும்போது முத்தமிட்டு வரவேற்கிற வாய். அதனால் வாயின் சுத்தம் ஒரு குடிமகனின் மானம். வாயால் இன்பம் பெறுகிறவனுக்கு எந்தக் களங்கமும் இல்லை. தருகிறவனுக்குத்தான் அவமானம். அதிலும் ஒரு பெண்ணுக்குத் தந்தான் என்று சொல்வது எதிரியைக் கேவலப்படுத்தக் கவிஞர்கள் பயன்படுத்திய மிகப் பெரிய வசவுகளில் ஒன்று. கி.பி. 79இல் வெசுவியஸ் எரிமலை வெடித்துப் புதைந்த பொம்பெயி நகரத்தில், புறநகர்க் குளியலகம் ஒன்றின் சுவரில் அப்படி ஒரு காட்சி வரையப்பட்டிருக்கிறது. பார்க்கிறவர்களைச் சிரிக்க வைக்க வரைந்தது என்று கருதுகிற அறிஞர்கள் உண்டு. ஒரு ஆண் ஒரு பெண்ணின் இன்பத்துக்காகக் குனிவது அவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கிறது.

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது? தமிழ் இலக்கியத்தில் இந்தச் செயலுக்கு நேரடி வர்ணனை தேடினேன், கிடைக்கவில்லை. அகப்பாட்டுக்காரர்கள் படுக்கையறைக் கதவைத் திறப்பவர்கள் அல்ல. ஆனால் வாயைப் பற்றி, எச்சிலைப் பற்றி அவர்கள் சொன்னதைப் படித்தால் நம் வீட்டு விதிகள் எங்கிருந்து வந்தன என்றே சந்தேகம் வந்துவிடும்.

காமத்துப்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். 25 அதிகாரம், 250 குறள். பள்ளியில் பாதியைக்கூடச் சொல்லித் தரமாட்டார்கள். 1121ஆம் குறளில் ஒருவன் தன் காதலியைப் பற்றிச் சொல்கிறான்:

பாலொடு தேன்கலந் தற்றே பணிமொழி
வாலெயிறு ஊறிய நீர்.

அவள் பல்லில் ஊறிய நீர் பாலும் தேனும் கலந்த மாதிரி இருக்கிறதாம். எச்சில் என்று நாம் முகம் சுளிக்கிற அதே நீர். அதைக் குடித்தவன் ஆண். குடித்ததைச் சொல்லிப் பெருமைப்படுகிறவனும் அவனே. அதற்கு முன்னால், 1101ஆம் குறளில், கண்டு கேட்டு உண்டு உயிர்த்து உற்று அறியும் ஐந்து புலன்களின் இன்பமும் இவளிடமே உள்ளன என்கிறான். பார்ப்பதும் தொடுவதும் மட்டும் போதும் என்று வள்ளுவர் நிறுத்தவில்லை. சுவையையும் சேர்த்துக்கொள்கிறார். நாக்குக்கும் காதலில் வேலை உண்டு என்பதற்கு இதைவிட மரியாதையான சாட்சி எனக்குத் தெரியாது.

பெண் பக்கம் ஆண்டாள் இருக்கிறாள். நாச்சியார் திருமொழியின் ஏழாம் திருமொழி முழுவதும் அவள் கண்ணனின் சங்கோடு பேசுகிறாள். கருப்பூரம் நாறுமோ, கமலப்பூ நாறுமோ என்று கேட்கிறாள். அவன் சிவந்த வாய் தித்தித்திருக்குமோ என்கிறாள். அவன் வாயின் சுவையையும் வாசனையையும் விரும்பிக் கேட்கிறேன், சொல் என்கிறாள். அவன் வாயமுதத்தைச் சங்கு மட்டும் தனியாக உண்கிறதே என்று பொறாமைப்படுகிறாள். மார்கழிக் கச்சேரிகளில் இந்தப் பாட்டைக் கேட்டிருக்கிறேன். மயிலாப்பூர் சபாக்களில் மடிசார் மாமிகள் கண்ணை மூடித் தலையாட்டுவார்கள். அது பக்தி, சந்தேகமே இல்லை. ஆனால் தன் காதலன் வாய் எப்படிச் சுவைக்கும் என்று ஒரு பெண் சத்தமாகக் கேட்கலாம் என்பதும் அந்தப் பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளாக அதைக் கோயிலில் வைத்துப் பாடி வருகிறோம்.

கண்ணப்பரையும் சொல்லாமல் விட மனமில்லை. வாயில் நீரைச் சுமந்து வந்து சிவனை நீராட்டியவர், மென்று ருசி பார்த்த இறைச்சியைப் படைத்தவர். முறைப்படி பூசை செய்த சிவகோசரியார் பதறிப்போகிறார். சிவனுக்கோ அது கங்கையைவிட இனிக்கிறது. அன்பு மிஞ்சும் இடத்தில் எச்சில் என்ற விதி தோற்றுப்போகும் என்று பெரியபுராணம் சொல்லிவிட்டது. படுக்கையறையைப் பற்றி அது பேசவில்லை, தெரியும். எச்சிலைப் பற்றி நம் மரபுக்கு ஒரே கருத்துதான் என்று சொல்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

அப்புறம் கொக்கோகம். வடமொழியில் கொக்கோகர் எழுதிய ரதிரகசியம் என்ற காமநூலின் தமிழ் வடிவம், தென்காசியை ஆண்ட அதிவீரராம பாண்டியன் பெயரில் வழங்குகிறது. 16ஆம் நூற்றாண்டு. “எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்” என்று குழந்தைகளுக்கு வெற்றிவேற்கை எழுதினாரே, அதே ராஜா. ஒரே மனிதர் திண்ணைப் பள்ளிக்கும் படுக்கையறைக்கும் நூல் தந்தார் என்று ஒரு காலம் கூச்சமில்லாமல் நம்பியிருக்கிறது. பின்னால் அந்த நூல் பிளாட்பாரக் கடைகளில் மஞ்சள் அட்டையோடு ஒளித்து விற்கிற சரக்காகிவிட்டது.

இந்த மாற்றம் நடந்த ஊர்களில் ஒன்று நம் சென்னை. 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் அவையில் இருந்த முத்துப்பழனி என்ற தேவதாசி, ராதிகா சாந்தவனமு என்ற தெலுங்குக் காவியத்தை எழுதினார். அதில் வரும் ராதை கதவோரம் காத்து நிற்பவள் அல்ல. தன் ஆசையைத் தானே சொல்பவள், முதலில் கை நீட்டுபவள். 1910இல் பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் அந்தக் காவியத்தை முழுமையாகப் பதிப்பித்தார். சென்னையின் வாவிள்ள அச்சகம் அதை வெளியிட்டது. முத்துப்பழனியை ஒழுக்கமற்றவள் என்றும் அந்தப் பாடல்கள் பெண் வாயில் வரத் தகாதவை என்றும் தெலுங்குச் சீர்திருத்தவாதி கந்துகூரி வீரேசலிங்கம் ஏற்கெனவே எழுதியிருந்தார். வெட்கம் என்பது பெண்களுக்கு மட்டும்தானா, ஆண் கவிஞர்கள் இதைவிடக் கூடுதலாக எழுதியதை ஏன் யாரும் கேட்கவில்லை என்று நாகரத்தினம்மாள் திருப்பிக் கேட்டார். 1911இல் ஆபாசம் என்று சொல்லி ஆங்கிலேய அரசு அந்த நூலைத் தடை செய்தது. டங்குடூரி பிரகாசம் சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்தபோதுதான், 1947இல் தடை நீங்கியது. திருவையாற்றில் தியாகராஜருக்குக் கோயில் எழுப்பிய அதே நாகரத்தினம்மாள் இவர். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு இந்தப் பக்கத்தை மறந்துவிட்டோம் என்பதில் எனக்குக் கோபம் உண்டு.

சட்டமும் அதே ஆட்சியில் வந்ததுதான். மெக்காலே தலைமையில் வரையப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் நிறைவேறி, 1862 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 377ஆம் பிரிவு “இயற்கைக்கு மாறான” உறவுக்கு ஆயுள் தண்டனை வரை விதித்தது. ஓரினச் சேர்க்கையாளர்களுக்கு எதிரான சட்டம் என்றே நாம் அதை அறிவோம். அந்த மக்கள்தான் அதன் அடியை உண்மையில் வாங்கினார்கள். ஆனால் எழுத்தில் அது ஆண், பெண் யாரையும் விடவில்லை. வாய்வழி உறவும் இதில் அடங்கும் என்று 1925இல் சிந்துவிலும் 1968இல் குஜராத்திலும் நீதிமன்றங்கள் தீர்ப்பு சொல்லியிருக்கின்றன. இருவர் சம்மதமும் கணக்கில் வராது. அதாவது மாம்பலத்தில் ஒரு கணவனும் மனைவியும் கதவைப் பூட்டிக்கொண்டு மனமொத்துச் செய்ததும் எழுத்தின்படி குற்றமே. 2018 செப்டம்பர் 6 அன்று நவ்தேஜ் சிங் ஜோஹர் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், வயது வந்தவர்கள் சம்மதத்தோடு தனிமையில் செய்வது குற்றமாகாது என்று ஒருமித்துச் சொன்ன பிறகுதான் அந்த நிழல் விலகியது. ஓரினக் காதலர்கள் தெருவில் நின்று போராடிப் பெற்ற அந்த விடுதலையில், கல்யாணமான தம்பதிகளுக்கும் பங்கு கிடைத்தது. அந்த நன்றியை நம் வீடுகளில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

இப்போது சட்டம் இல்லை, தடை இல்லை. எல்லார் கையிலும் ஃபோன் இருக்கிறது. பாடம் நடத்துவது அதுதான். அதில் வரும் ஆபாசப் படங்களில் பெரும்பாலும் பெண் மண்டியிடுகிறாள், ஆண் நிற்கிறான். அவள் முகம் கேமராவுக்காகச் சிரிக்கிறது. கல்யாணத்துக்கு முன்பு வேறு எதுவுமே சொல்லித் தரப்படாத ஒரு பையன் அதைத்தான் வழக்கம் என்று நம்பிக் கட்டிலுக்கு வருகிறான்.

என்னைவிட வயதில் சின்னவளான ஒரு தோழி, லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடந்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது கேட்டாள். அவளிடம் சொல்லிவிட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாமல்.

“அக்கா, அவருக்கு அது வேணும்ங்கிறார். நானும் பண்றேன். பிடிக்காம இல்ல. எனக்கும் அப்படி ஆசை இருக்குன்னு ஒரு தடவை சொன்னேன். ‘சீ, அங்கயா?’ன்னுட்டார். அவர் கெட்டவர் இல்லக்கா. ஆனா அதுக்கப்புறம் என்னால கேக்கவே முடியல.”

அந்த “சீ” அவள் கணவன் வாயில் பிறந்ததல்ல. ஒரு பெண் வயதுக்கு வந்த நாளிலிருந்து அவள் உடம்பின் அந்த இடத்தைப் பற்றி வீடு சொல்கிற ஒரே விஷயம் தீட்டு. மூன்று நாள் ஒதுங்கி உட்கார், ஊறுகாயைத் தொடாதே, சாமி அறைப் பக்கம் வராதே. கூடப் பிறந்த தம்பி அதைப் பார்த்துக்கொண்டேதான் வளர்கிறான். அவன் நாளைக்கு இன்னொரு பெண்ணின் கணவன் ஆகிறான். அவனுக்கு அருவருப்பு, அவளுக்கு வெட்கம். நான் பேசிய பல பெண்களுக்குக் கணவனைவிடத் தங்கள் உடம்பின் மேல்தான் கூச்சம் அதிகம். வாசனை வருமோ, அவர் முகம் சுளிப்பாரோ என்ற பயத்திலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுகிறார்கள்.

ஆகவே உடம்பைப் பற்றிக் கொஞ்சம். பெண்ணுறுப்பின் உட்பகுதி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். லேசான வாசனை இயல்பு. உள்ளே சோப்பு போட்டுக் கழுவினால்தான் அதன் அமிலத்தன்மை கெட்டுத் தொற்று வருகிறது. வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவினால் போதும். மீன் நாற்றமோ, அரிப்போ, தயிர் மாதிரித் திரிந்த வெள்ளையோ இருந்தால் லேடி டாக்டரைப் பார்க்க வேண்டும். அது வெட்கப்பட வேண்டிய விஷயமல்ல, மாத்திரையில் சரியாகிற விஷயம். ஆண்களும் முன்தோலைப் பின்தள்ளிக் கழுவ வேண்டும். இதை எந்த அப்பாவும் பையனுக்குச் சொல்வதில்லை.

வாய்வழி உறவில் கர்ப்பம் தரிக்காது. நோய் தொற்றலாம். கொப்புளம் தரும் ஹெர்ப்பிஸ், கொனோரியா, சிபிலிஸ், ஹெச்பிவி என்ற வைரஸ் எல்லாம் வாய் வழியாகப் பரவக்கூடியவை. உதட்டில் கொப்புளம் இருக்கும்போது செய்யவே கூடாது. ஹெச்பிவியின் சில வகைகள் தொண்டைப் புற்றுநோய்க்குக் காரணமாகின்றன. எய்ட்ஸ் கிருமி இந்த வழியில் தொற்றும் வாய்ப்பு மிக மிகக் குறைவு, ஆனால் வாயில் புண்ணோ ஈறில் ரத்தமோ இருந்தால் கூடும். ஆணுறை பாதுகாப்புத் தரும், வாசனை சேர்த்தவை மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கின்றன. கர்ப்ப காலத்தில் ஒன்றை மட்டும் கட்டாயம் தவிர்க்க வேண்டும்: பெண்ணுறுப்புக்குள் காற்றை ஊதக் கூடாது. காற்று ரத்தக்குழாயில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. புதுத் துணையோடு தொடங்குகிறவர்கள் இருவருமே பரிசோதனை செய்துகொள்வது நல்லது. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தது நம் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும்தான். இன்று அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் அந்தப் பரிசோதனை இலவசம், விவரம் வெளியே போகாது.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். இதெல்லாம் நம் மரபில் இருக்கிறது, ஆகவே நீ செய் என்று மனைவியிடம் காமசூத்திரத்தைக் காட்டுகிற கணவன், அதைப் படிக்கவே இல்லை என்று அர்த்தம். பிடிக்காத ஒருவர் செய்தாக வேண்டும் என்று எந்த நியாயமும் கிடையாது. தலையை அழுத்திப் பிடிப்பது, அழுதாலும் விடாதது, செய்யாவிட்டால் வெளியே போவேன் என்று மிரட்டுவது எல்லாம் வன்முறை. 2013 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு வற்புறுத்திய வாய்வழிச் செயலும் பாலியல் வல்லுறவின் இலக்கணத்துக்குள் வந்துவிட்டது. 18 வயது நிரம்பிய மனைவிக்குக் கணவன் செய்தால் மட்டும் அது பொருந்தாது என்ற விதிவிலக்கு பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் தொடர்கிறது. அது இருக்கவே கூடாத விதிவிலக்கு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005, பாலியல் கொடுமையையும் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்பது இப்போதைக்கு உள்ள ஒரு கைப்பிடி. பெண்கள் உதவி எண் 181க்கு ஃபோன் செய்யலாம்.

பிடிக்கவில்லை என்பது ஆணுக்கும் பொருந்தும். தோழியின் கணவனுக்கு நிஜமாகவே முடியாது என்றால் அதையும் மதிக்கத்தான் வேண்டும். ஆனால் தனக்கு மட்டும் வாங்கிக்கொண்டு அவளைப் பார்த்து “சீ” என்பது வேறு. அவனால் முடியாது என்பதற்கும் அவள் அருவருப்பானவள் என்பதற்கும் உள்ள தூரத்தை அவன் வாயால் சொல்லியாக வேண்டும். அவளுக்கு வேறு என்ன இன்பம் என்று கேட்க வேண்டும். விளக்கை அணைத்த பிறகு, ஆசை உச்சத்தில் இருக்கும் நேரத்தில் இந்தப் பேச்சு நடக்காது. பகலில், சட்டை போட்டுக்கொண்டு, குழந்தைகள் டியூஷன் போன நேரத்தில் பேசினால் நடக்கும். அவளிடம் அதைத்தான் சொன்னேன். ஆண்டாள் பாட்டையும் சொன்னேன். அவள் ஆண்டாளைக் கல்யாண மண்டபத்தில் கேட்ட வாரணமாயிரத்தோடு நிறுத்தியிருந்தாள்.

அவள் பேசிவிட்டாள். உனக்கு அருவருப்பு தீருகிறவரை எனக்கும் வேண்டாம், ரெண்டு பேருமே நிறுத்திக்கலாம் என்று சொன்னாளாம். அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, மூன்றாம் நாள் உனக்கு என்னதான் பிடிக்கும் சொல் என்று கேட்டிருக்கிறான். “அவர் அப்படிக் கேட்டதே இல்லக்கா, எனக்குப் பதிலே தெரியல” என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்று நேரம் வாங்கியிருக்கிறாள்.